யாரோ நகர்த்தி வைத்த குடம்: கூச்சக்காரர்களின் காதல் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன

ஒரு கதையை வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் லாரி வரும். முதல்நாள் ராத்திரியே தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். எந்தக் குடம் யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் நெயில் பாலிஷில் ஒரு புள்ளியோ கோடோ இருக்கும். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண் வீடு திரும்ப மணி பத்தைத் தாண்டிவிடும். அதனால் அவள் குடத்துக்குக் கிடைப்பது எப்போதும் கடைசி இடம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அது ஆறாவதாக நிற்கிறது. யாரோ தெரியாமல் மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறாள். அடுத்த முறையும் ஆறாவது. அதற்கடுத்த முறையும். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பைண்டிங் கடைப் பையன் தன் குடத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் குடத்தை வைக்கிறான் என்பது நாற்பதாவது பக்கத்தில்தான் அவளுக்குத் தெரிகிறது. அவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அவன் குடத்தின் வாயில், தூசு விழாமல் இருக்க, ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

அறுபது பக்கம் ஓடிவிட்டது. இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

இது நானாகக் கட்டிய கதை. ஆனால் இந்த மாதிரி நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறவர்களுக்கு இதன் நடை பழகியதாக இருக்கும். ஆங்கில வாசகர்கள் இதை ஸ்லோ பர்ன், அதாவது மெதுவாக எரிவது, என்கிறார்கள். தமிழில் செல்போனில் தொடர்கதை படிக்கிறவர்களும் இப்போது அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். நம்மிடம் 'நீறு பூத்த நெருப்பு' என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பகையையும் கோபத்தையும் சொல்லவே அதை அதிகம் பயன்படுத்துகிறோம். விறகு அடுப்பிலும் கரி அடுப்பிலும் சமைத்தவர்களுக்கு அதன் இன்னொரு பக்கம் தெரியும். ராத்திரி சாம்பலைப் போட்டு மூடி வைத்த கங்கு காலையில் ஊதினால் பற்றிக்கொள்ளும். மூடாமல் விட்டது அணைந்து போயிருக்கும்.

இந்த நாவல்களைப் பற்றி எப்போதும் ஒரு குறை சொல்லப்படுகிறது: 'ஒன்றுமே நடக்கவில்லை.' நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறைய நடக்கிறது. நடப்பதை அளக்கும் கோல்தான் வேறு. மற்ற கதைகளில் ஒரு விபத்து நடந்தால்தான் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இங்கே ஒரு குடம் இரண்டடி நகர்ந்தாலே போதும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை நூலகம் இருந்தது. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாத அளவு இடம். மாத நாவல்களை அங்கேதான் எடுப்போம். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பார். நான் சத்தமாகப் படித்துக்காட்டுவேன். கதை சூடுபிடிக்கும் இடம் வந்தால் எனக்கு வேகம் வந்துவிடும். அம்மா காலை மிதியிலிருந்து எடுத்துவிடுவார். "இன்னா அவசரம் உனக்கு? அவன் திரும்பிப் பாத்தானா இல்லியா, அத்த மறுக்கா படி." அந்த ஒரு வரியை மறுபடி படிப்பேன். சில நாள் மூன்றாவது முறையும். சண்டை, கல்யாணம், ஆஸ்பத்திரி எதையும் அவர் மறுபடி படிக்கச் சொன்னதில்லை.

ஏன் அந்த ஒரு வரி?

1996-ல் ஜாக்கி வோராவர், ரெபெக்கா ராட்னர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பிடித்திருக்கும் இரண்டு பேரில் யாரும் முதல் அடி எடுத்து வைக்காமல் போவது ஏன்? அவர்கள் கண்டது இது. நாம் பேசாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணம், 'வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.' அதே மாதிரி எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அதற்கு நாம் கொடுக்கும் காரணம், 'அவருக்கு என்மேல் விருப்பம் இல்லை.' இரண்டும் ஒரே மௌனம். நம்முடையதைப் பயம் என்று படிக்கிறோம்; அடுத்தவருடையதை அலட்சியம் என்று படித்துவிடுகிறோம்.

கூச்சக்காரர்களின் காதல் நாவல் முழுக்க நிற்பது இந்த ஒரு தவறான வாசிப்பின் மேல்தான். அவள் தலை குனிந்து போகிறாள். 'நம்மைப் பிடிக்கவில்லை' என்று அவன் நினைக்கிறான். அவன் மாடிப்படியில் அவளைக் கண்டதும் திரும்பி மேலே ஏறிவிடுகிறான். 'என்னைப் பார்த்தாலே ஓடுகிறான்' என்று அவள் நினைக்கிறாள். இரண்டு மனசுக்குள்ளும் போய்வர வழி இருப்பது வாசகருக்கு மட்டும். தெருவில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர்தான். தெரிந்தும் அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. அந்தத் தவிப்புக்காகத்தான் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போகிறோம். அம்மா மறுபடி படிக்கச் சொன்ன வரிகள் எல்லாம் அந்தத் தவறான வாசிப்பு ஒரு நொடி தெளியும் வரிகள் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது.

இதோடு ஒட்டி இன்னொன்று. கூச்சக்காரர்களுக்குத் தங்கள் மனசு முகத்திலேயே எழுதி ஒட்டியிருப்பதாகத் தோன்றும். 'என் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.' உண்மையில் அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. 1998-ல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். சிலரிடம் வரிசையாகக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். நடுநடுவே சிலவற்றில் வாயில் வைக்க முடியாத பானம். முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். குடித்தவர்கள், 'பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்' என்று சொன்ன எண்ணிக்கை, உண்மையில் கண்டுபிடித்தவர்களைவிட அதிகமாக இருந்தது. நம் உள்ளே இருப்பது வெளியே தெரிவதாக நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. நல்ல நாவலாசிரியர்கள் இந்த இடைவெளியை உள்ளுணர்வாலேயே அறிந்திருக்கிறார்கள். நம் பைண்டிங் கடைப் பையன், குடத்தை மாற்றி வைத்த மறுநாளே தெரு முழுக்கத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் போவான். தெருவோ அன்றைக்கு லாரி ஏன் லேட் என்று பேசிக்கொண்டிருக்கும்.

கூச்சம் அபூர்வமான குணம் இல்லை. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ எடுத்த கருத்துக்கணிப்பில், தங்களைக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று சொன்னவர்கள் சுமார் 40 சதவீதம். வாழ்க்கையில் எப்போதாவது அப்படி இருந்தோம் என்றவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் நம் வகுப்பறையை, நம் குடும்பத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு யாருக்கும் அதிசயமாக இருக்காது. பத்துப் பேரில் நான்கு பேர் கூச்சப்படுகிறவர்கள் என்றால், பத்துக் காதல் கதைகளில் எத்தனை அவர்களைப் பற்றியது?

அதிலும் வட சென்னை என்றால் கேட்கவே வேண்டாம். திரையில் எங்கள் ஊர் தெரியும்போதெல்லாம் ஒரு சத்தத்தோடுதான் தெரிகிறது. கத்தி, கும்பல், குத்துச்சண்டை, உரக்கப் பேசும் பெண்கள். குத்துச்சண்டை எங்கள் பெருமைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் இதே தெருக்கள் கேரம் பலகைக்கும் பேர்போனவை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிவந்த காசிமா வட சென்னைப் பெண். கேரம் கிளப்புக்குள் போய்ப் பாருங்கள். ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்க்கும்போது ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்த அமைதியும் இந்த ஊருடையதுதான். அதில் வளர்ந்த பையனையும் பெண்ணையும் கதாநாயகர்களாக்கிய கதை கைக்கு வந்தால், 'அட, நம்ம ஆளு' என்று ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

வீடுகளின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. 1950-ல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு குடியிருப்பை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். யார் யாரோடு நெருங்குகிறார்கள் என்பதைக் குணமோ ரசனையோ தீர்மானிப்பதைவிட, வாசல் எங்கே இருக்கிறது, மாடிப்படி எங்கே இறங்குகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்று அதில் தெரிந்தது. படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்தில் அதிக நண்பர்கள் இருந்தார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் ஒரு நீளமான நடை, அதன் இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் பொதுக் குழாய். துணி காயப்போடும் மொட்டை மாடி எல்லோருக்கும் ஒன்று. பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்ததைக் காட்டிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் பத்து ஜன்னல்கள் கவனித்துக்கொண்டிருக்கும்.

மெதுவான காதல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பேன். நெருக்கம் நிறைய, தனிமை கொஞ்சமும் இல்லை. வெளிநாட்டு நாவல்களில் இருவரைச் சேர்த்து வைக்கப் பனிப்புயலையோ ஒரே அறை காலியாக இருக்கும் விடுதியையோ கொண்டுவர வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு குழாய் போதும். பிரித்து வைக்கவும் வில்லன் தேவையில்லை, பக்கத்து வீட்டு அக்காவின் "யாரு அது, அந்தப் பையன்கூட என்ன பேச்சு?" போதும். சங்கக் கவிதை இந்தப் பேச்சுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. காதோடு காதாக நடந்தால் அம்பல்; ஊரறிய நடந்தால் அலர். காமத்துப்பாலில் அலருக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல், அதாவது காத்திருந்து ஏங்குவது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கரையில் நின்று படகு திரும்பும் திசையைப் பார்க்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, காத்திருப்பதையே கதையாக்குவது புதிதாகத் தெரியாது.

இந்தக் கதைகளின் தமிழ் ருசி எனக்கு அதிகம் தெரிவது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். முதல் சந்திப்பிலும் அறுபதாம் கல்யாணத்திலும் அதே சொல்தான். நம்மிடம் ஒரு ஏணியே இருக்கிறது. சென்னையில் ஒரு பெண் தெரியாத ஆணைக் கூப்பிட்டால் முதலில் வாயில் வருவது 'அண்ணா'. ஆட்டோக்காரர் அண்ணா, மளிகைக்கடைக்காரர் அண்ணா, எதிர்வீட்டுப் பையனும் அண்ணாதான். அந்தச் சொல் ஒரு வேலி, பத்திரமான வேலி. ஒருநாள் அந்த அண்ணா சொல்லப்படாமல் நின்றுபோகிறது. அதற்குப் பதில் எந்தச் சொல்லும் வந்து உட்காரவில்லை. வெறும் "இந்தாங்க". அல்லது அதுவும் இல்லாமல், யாரையும் பார்க்காமல், காற்றிடம் சொல்வது மாதிரி, "லாரி வந்துடுச்சு". தமிழில் யாரையும் விளிக்காமல் ஒரு முழு உரையாடலை நடத்திவிடலாம். பக்கத்தில் விளையாடும் குழந்தையிடம் சொல்வது மாதிரி எதிரில் நிற்பவருக்குச் சொல்லலாம். இப்படி மூன்று அத்தியாயம் ஓட்டிய கதைகளைப் படித்திருக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் வரும்போது, மற்ற நாவல்களில் முத்தம் வரும் இடத்துக்கு உள்ள கனம் அதற்கு இருக்கும்.

வட சென்னைப் பேச்சில் இது இன்னும் நுணுக்கமாகும். எங்கள் பக்கம் 'நீ, வா, போ' சர்வ சாதாரணம். பெரியவர்களைக்கூட அன்பாக 'நீ' என்போம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட தெருவில், எல்லோரிடமும் 'வா போ' என்று பேசும் ஒரு பையன் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் 'வாங்க' என்றால் அது தெருவுக்கே கேட்கும். வேறு ஊரில் தூரத்தைக் காட்டுகிற 'ங்க' இங்கே நெருக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிற்பாடு அவன் தன்னை மறந்து ஒருமுறை 'நீ' என்று சொல்லிவிட்டால், அதற்கு அவள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பாள். இந்த இடத்தை எழுத வராதவர்கள்தான் மழையையும் வயலினையும் கூப்பிடுகிறார்கள்.

கூச்சம், வெட்கம், நாணம், தயக்கம், சங்கோஜம். இத்தனை சொற்கள் இருந்தும் நாம் ஒரு பிழையைத் தொடர்ந்து செய்துவந்திருக்கிறோம். நாணத்தைப் பெண்ணின் கடமையாக்கி அவள் தலையில் வைத்துவிட்டோம். தொல்காப்பியத்தில் 'உயிரினும் சிறந்தன்று நாணே' என்று வருவது பெண்ணைப் பற்றி. அந்த வழியில் வந்த நாவல்களில் கதாநாயகி வெட்கப்பட்டே ஆகவேண்டும். கதாநாயகன் அந்த வெட்கத்தை உடைத்தே ஆகவேண்டும். அவள் கூச்சம் அவளுடைய குணமாக இருப்பதில்லை. அவன் வென்றெடுக்கும் கோட்டையாகிவிடுகிறது. எனக்கு அந்தக் கதைகள் பிடிப்பதில்லை.

குறளில் வேறொரு குரலும் கேட்கிறது. 'நாணொடு நல்லாண்மை பண்டுடையேன்' என்று தொடங்கும் 1133-ஆம் குறளைச் சொல்பவன் ஆண். நாணமும் ஆண்மையும் முன்பு என்னிடம் இருந்தன என்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கொன்று துணையாகச் சொல்கிறான். கூச்சப்படுகிற ஆண் நமக்குப் புதியவன் இல்லை. அவனை நடுவில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். அவன் திரும்பி வருவதுதான் இன்றைய மெதுவான காதல் நாவல்களில் எனக்கு மிகப் பெரிய ஈர்ப்பு. என்னைப் போலப் பல பெண் வாசகர்களுக்கும் அப்படித்தான் என்பதை ரயிலிலும் கடையிலும் பேசிப் பார்த்ததில் அறிந்திருக்கிறேன்.

காரணம் தெளிவானது. எங்கள் தலைமுறைப் பெண்களுக்குக் காதல் என்று திரையில் காட்டப்பட்டது பெரும்பாலும் துரத்தல். பஸ் ஸ்டாப்பில் நிற்பது, பின்னாலேயே வருவது, வேண்டாம் என்றால் இன்னும் பலமாக வருவது. கடைசியில் அவள் சிரித்துவிடுவாள், பாட்டு வந்துவிடும். பள்ளிக்கூடம் படிக்கும்போது என்னை ஒருவன் எட்டு மாதம் பின்தொடர்ந்தான். பாட்டு எதுவும் வரவில்லை. போகும் வழியை மாற்றிக்கொண்டேன்; டியூஷனை நிறுத்தினேன். பின்தொடர்தல் தனியொரு குற்றமாகச் சட்டத்தில் ஏறியது 2013-ல்தான், இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவாக. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வாடகை நூலகத்தின் அந்த இருட்டு மூலையில், பின்தொடராத ஒரு ஆணை நான் தேடிக்கொண்டிருந்தேன். கூச்சக்காரக் கதாநாயகன் அவன்தான். அவன் கேட்பதற்கு முன் யோசிக்கிறான். பதில் வரும்வரை நிற்கிறான். 'இல்லை' என்று பதில் வந்தாலும் வாழ்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுக்கிறான். அவனுடைய தயக்கத்தில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. யோசிக்க, விலக, விரும்பினால் ஓர் அடி முன்னால் வர.

இன்று செல்போனில் ஓடும் தமிழ்த் தொடர்கதைகளில் ஆன்ட்டி ஹீரோ கதைகளுக்கும் பெரிய கூட்டம் இருக்கிறது. கட்டாயக் கல்யாணம், பழிவாங்கும் கல்யாணம், உறுமும் கணவன். அவற்றைப் படிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்தைப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்து அனுபவிப்பதும் வாசிப்பின் ஒரு வேலைதான். ஆனால் அந்தக் கதைகளை அடுத்தடுத்து நான்கு படித்த பிறகு, "ஒரு அமைதியான ஹீரோ கதை இருந்தா சொல்லுங்க" என்று கேட்காத தோழி எனக்கு இல்லை.

மெதுவாகப் போவதெல்லாம் நல்ல கதையும் இல்லை. ஜவ்வு மிட்டாய் என்று எங்கள் பக்கம் சொல்வோம். ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை இருபது அத்தியாயம் இழுப்பவர்கள் உண்டு. அவனை அவன் அண்ணன் மகளோடு பார்த்துவிட்டாள், யார் என்று கேட்கவில்லை. அவன் கடிதம் காற்றில் பறந்துவிட்டது, மறுபடி எழுதவில்லை. இது இழுவை. வேறுபாட்டை நான் பார்ப்பது இப்படி: நல்ல கதையில் இருவரும் பேசாமல் இருக்க அவர்களுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கும். அவள் அக்கா காதலித்துப் பட்ட பாடு, அவன் திக்கிப் பேசுவது, வீட்டுக் கடன், வேறு சாதி, வேறு மதம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தக் காரணம் கொஞ்சம் கரைய வேண்டும், அல்லது இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டும். மோசமான கதையில் காரணம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சாதியையும் மதத்தையும் தொடாமல் சுற்றிப் போகும் நாவல்கள்தான் அதிகம் என்பதும் எனக்கு ஒரு வருத்தம். தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தில் கேட்கும் ஊரில், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் ஊரில், தயங்குவதற்கான உண்மைக் காரணங்களுக்கா பஞ்சம்?

மேற்கில் இந்த வகைக்கு முன்னோடி என்று பலர் காட்டுவது ஜேன் ஆஸ்டினை. அவர் மறைந்த பிறகு 1817-ன் கடைசியில் வெளிவந்த நாவலில், எட்டு வருஷம் முன்பு பிரிந்த இருவர் ஒரே அறையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ள முடியாமல் தவிக்கிறார்கள். கடைசியில் ஒரு கடிதம்தான் பேசுகிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 'யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்.' நான் பார்த்தால் நிலத்தைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். ஒன்றே முக்கால் அடியில் ஒரு முழு நாவலின் முதல் பாதி. அந்த 'மெல்ல' என்ற சொல்லை யாராவது எடுத்துவிட்டால் குறளே போய்விடும்.

தொடராக வருவதும் இந்தக் கதைகளுக்கு ஒத்துப்போகிறது. 1969-ல் ராணிமுத்து வந்த காலத்திலிருந்து முழு நாவல் மாதம் ஒருமுறை கைக்கு வரத் தொடங்கியது. வாரப் பத்திரிகைத் தொடர்கள் அதற்கும் முந்தியவை. இப்போது 2014-ல் தொடங்கிய பிரதிலிபி மாதிரியான செயலிகளில் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். வாசகர்கள் அதை, அப்டேட் என்பதைச் சுருக்கி, 'யூடி' என்கிறார்கள். "இன்னிக்கு யூடி வந்துச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கதைக்குள் அவள் காத்திருக்கும் அதே நாளில் வெளியே நாமும் காத்திருக்கிறோம். முழுப் புத்தகமாக ஒரே ராத்திரியில் படித்தால் அந்தத் தவிப்பு பாதியாகிவிடும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி திறந்தார்கள். காதலர் தினம் என்று பார்த்து வைத்தார்களா தெரியாது, எனக்கு அது மறக்காத தேதியாகிவிட்டது. சாயங்கால வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினால் நான்கு பேராவது செல்போனில் தமிழ் எழுத்தை மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கடையில் பத்து மணி நேரம் நின்ற கால்கள். வீட்டுக்குப் போனால் அடுப்படி. நடுவில் கிடைக்கும் இருபது நிமிஷத்தில், யாரும் அவசரப்படுத்தாத ஓர் உலகத்துக்குள் போய்விட்டு வருகிறார்கள். நாள் முழுக்க 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கேட்ட காதுகளுக்கு, ஒருவன் ஒரு பதிலுக்காக மூன்று மாதம் காத்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் குடம். நான் அந்தக் கதையை எழுதுவதாக இருந்தால் முடிவை இப்படி வைப்பேன். தெருவில் புதுக் குழாய் பதிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் வந்துவிடுகிறது. தெருவே சந்தோஷப்படுகிறது. இருவருக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இனி வரிசை இல்லை, நகர்த்தி வைக்கக் குடம் இல்லை, பேசாமல் பேசுவதற்கு இருந்த ஒரே வழி அடைபட்டுப்போனது. இரண்டு வாரம் கழிகிறது. ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவன் ஜன்னலைச் சாத்த வந்தவன் கீழே பார்க்கிறான். லாரி வராத தெருமுனையில், அவள் குடம் தனியாக நிற்கிறது. வாயில் எவர்சில்வர் தட்டு. அவன் மாடிப்படி இறங்குகிறான், கையில் தன் குடத்தோடு. அதைப் பின்னால் வைக்கவில்லை, பக்கத்தில் வைக்கிறான். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. இந்த முறை அவன் திரும்பி மேலே ஏறவில்லை.

அம்மா இருந்திருந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்தக் கடைசி வரியை மறுக்கா படிக்கச் சொல்லியிருப்பார்.